பிள்ளைகளோடு ஒரு நாள் உல்லாசம்: வட்டிக்காரன் வாசலை மிதிக்காமல்!

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் தேயிலைத் தோட்டத்துப் பாதையோரம் நின்று பாருங்கள். கார் மேல் காராக, பஸ் மேல் பஸ்ஸாக மலையேறி வந்துகொண்டே இருக்கும். கோலாலம்பூர்க்காரர், பினாங்குக்காரர், சிங்கப்பூர்க்காரர், எல்லாருக்கும் விடுமுறை. நாம் குனிந்து கொழுந்து எடுக்கிற சரிவு அவர்களுக்குப் படம் பிடிக்கிற இடம். நாம் மழையிலும் பனியிலும் நடக்கிற தடம் அவர்களுக்கு உலாவுகிற இடம்.

நம் வீட்டுப் பிள்ளை லயத்து வாசலில் நின்று இதையெல்லாம் பார்க்கிறது. ஒரு நாள் கேட்டே விடுகிறது: "அப்பா, அவங்க எல்லாம் லீவுக்கு இங்கே வர்றாங்க. நாம லீவுக்கு எங்கேப்பா போறது?"

என்ன பதில் சொல்வீர்கள்? "போகலாம், போகலாம், தீபாவளி கழியட்டும்" என்போம். தீபாவளி கழியும். பிறகு பள்ளிக்கூடச் செலவு வந்துவிடும். "அடுத்த வருஷம்" என்போம். இப்படியே பிள்ளை வளர்ந்து, தானே வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் சிநேகிதர்களோடு போய்வந்து, அங்கே எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் நமக்குக் காட்டும். அதுவரை நாம் போனதே இல்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கெந்திங் மலை இருக்கிறதே, அந்த உல்லாசபுரி உருவாவதற்கான யோசனை பிறந்ததே நம் கேமரன் மலையில்தான். காலஞ்சென்ற லிம் கோ தோங் 1964-இல் இங்கே நீர்மின் திட்ட வேலைக்காக வந்திருந்தார். குளிர் காற்றை அனுபவிக்க வருகிற ஜனங்களைப் பார்த்தவருக்கு, தலைநகருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மலை இருந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியதாம். 1965-இல் காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கினார். 1971-இல் முதல் ஹோட்டல் திறந்தாயிற்று. நம் மலையைப் பார்த்து அவர் இன்னொரு மலையைக் கட்டினார். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளோடு அந்த மலைக்குப் போயிருக்கிறோம்?

"அட போங்கய்யா, சோத்துக்கே தாளம் போடுது, இதிலே உல்லாசம் வேறயா?" என்று சில பெரியவர்கள் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. நியாயந்தான். ஆனால் நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நம் ஜனங்கள் போகத்தான் போகிறார்கள். போவதில் தவறில்லை. போகிற விதத்தில்தான் வீடு கெட்டுப்போகிறது.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டமொன்றில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. கணவன் மனைவி இருவரும் வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் மூன்று. பிள்ளைகள் அழுதன என்று ஒரு விடுமுறைக்குத் தலைநகர்ப் பக்கம் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். கையில் காசில்லை. 1,500 வெள்ளி வட்டிக்கு வாங்கினார்கள். மாதம் நூற்றுக்குப் பத்து. இரண்டு இரவு ஹோட்டல், வாடகைக் கார், அங்கேயே சாப்பாடு, மூன்றாம் நாள் திரும்பும்போது பையில் சில்லறைதான். அதன்பின் மாதாமாதம் 150 வெள்ளி வட்டி. பத்து மாதத்தில் 1,500 வெள்ளி வட்டியாகவே கட்டியாயிற்று. முதல் அப்படியே நிற்கிறது! அந்த அம்மா நம்மிடம் சொன்னது இது: "பிள்ளைங்க சிரிச்சது மூணு நாளுங்க. நாங்க அழுறது வருஷம் முழுக்க."

1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. அந்தக் குடும்பம் கட்டுவது வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபது! அடையாளக் கார்டையும் பேங்க் கார்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பவனிடம் சட்டம் பேச முடியுமா? அந்த வாசலுக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

தினம் இரண்டு வெள்ளி

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்து பேர் உள்ள வீடு. போகிற இடத்தில் நுழைவுச் சீட்டு ஆளுக்குச் சராசரி 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 400 ஆயிற்று. பஸ் செலவு ஆளுக்கு 30 என்றால் 150. சில்லறைச் செலவுக்கு 50. ஆக மொத்தம் 600 வெள்ளி. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 60. நாளைக்கு இரண்டு வெள்ளி!

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் வேலை செய்கிற வீட்டில் மாதம் 60 வெள்ளி எடுத்து வைப்பது மலையைப் புரட்டுகிற காரியமல்ல. ஆனால் எடுத்து வைக்க வேண்டியது சம்பளம் வந்த அன்றைக்கே. மளிகைக் கடைப் பற்று, மோட்டார் சைக்கிள் தவணை, தண்ணீர், கரண்டு, எல்லாம் போக மிச்சமிருந்தால் சேர்ப்போம் என்று நினைத்தவன் எவனும் சேர்த்ததில்லை. நாமும் நினைத்துப் பார்த்தவர்கள்தான், அனுபவத்தில் சொல்கிறோம்.

எங்கே வைப்பது? அரிசி டின்னில் வைத்தால் அவசரத்துக்குக் கை போகும். முன்பு தபால் நிலையச் சேமிப்பு என்று இருந்ததே, அதைத்தான் 1974-இல் தேசிய சேமிப்பு வங்கி எடுத்துக்கொண்டது. பிள்ளை பெயரிலேயே அங்கே ஒரு கணக்குத் திறந்து, மாதாமாதம் பிள்ளையையே கூட்டிப் போய்க் கட்டச் சொல்லுங்கள். தன் பெயரில் பணம் ஏறுவதைப் பார்க்கிற பிள்ளை, கடையில் மிட்டாய்க்கு அடம் பிடிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. இதை ஒரு தாய் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

கூட்டுக் கட்டுவது நம் தோட்டங்களில் பழகிப்போன சங்கதி. பத்துப் பேர் சேர்ந்து மாதம் நூறு கட்டி, ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஆயிரமாக எடுப்பது. நல்லபடியாக முடிந்த கூட்டுகளும் உண்டு. தலைவி ஓடிப்போன கூட்டுகளும் உண்டு. 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைக் குற்றமென்கிறது. பணம் போனபின் போலீஸ் நிலையத்தில் போய் நின்றால், "நீங்கள் ஏன் இதில் சேர்ந்தீர்கள்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பிள்ளைகளின் உல்லாசப் பணத்தை அதில் போட வேண்டாம்.

இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்ததல்லவா? நம் சந்தாவில் நூற்றுக்குப் பத்து அதில் விழுகிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 1,700 சம்பளக்காரருக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 40 வெள்ளி அந்தக் கணக்கில் ஏறும். "அதை எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வந்துடலாம்ண்ணே" என்று இளவட்டங்கள் கைத்தொலைபேசியைத் தட்டுகிறார்கள். நமக்கு இது பிடிக்கவில்லை. லயத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலை முடிந்த நாளில் அதைக் காலி செய்தாக வேண்டும். அன்றைக்கு வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டக் கைகொடுக்கப்போவது சேமநிதி ஒன்றுதான். 2024-ஆம் ஆண்டுக்கு அதில் நூற்றுக்கு 6.30 இலாப ஈவு கிடைத்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

எங்கே போவது?

பிள்ளைகள் கேட்பது கெந்திங்கைத்தான். 2022 பிப்ரவரியில் அங்கே பெரிய புதுக் கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. கெந்திங்கும் நம் பகாங் மாநிலந்தான். ஆனால் இங்கிருந்து பேராக் வழியாக அங்கே போவதென்றால், கீழே இறங்கி, தலைநகர்ப் பக்கம் போய், மறுபடி மலையேற வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவது பிள்ளைகளுக்குத் தாங்காது. இரவு தங்கினால் செலவு இரட்டிப்பாகும். அதோடு அங்கே பக்கத்திலேயே சூதாட்ட மண்டபம் இருக்கிறது. பிள்ளைகளை இராட்டினத்தில் ஏற்றிவிட்டு, "ஒரு பத்து நிமிஷம் பார்த்துட்டு வர்றேன்" என்று உள்ளே போன அப்பாமார்களின் கதை நம் தோட்டங்களில் ஒன்றா இரண்டா?

நமக்கு வாய்ப்பானது ஈப்போவை அடுத்த தம்பூன். சுண்ணாம்பு மலைகளின் நடுவில், வெந்நீர் ஊற்றோடு அமைந்த கேளிக்கைப் பூங்கா அது. 'லாஸ்ட் வேர்ல்ட் ஆப் தம்பூன்' என்று பெயர். 2004-இல் திறந்தது. நீர்ச்சறுக்கு, இராட்டினம், புலிகள், பிராணிகள், பழைய ஈயச் சுரங்க வேலையைக் காட்டுகிற பகுதி, எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஈய லம்பம் என்றால் என்னவென்று நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்; பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வெந்நீர்க் குளமோ, வருஷமெல்லாம் குளிரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நம் பாட்டிமார்களுக்கென்றே ஊறுவதைப் போலிருக்கிறது.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்குகிற புதுப்பாதை வந்தபின் ஈப்போ நமக்குப் பக்கமாகிவிட்டது. புளூ வேலி, சுங்கை பாலாஸ் பக்கத்தாருக்கு அதுதான் வழி. ரிங்லெட், போ தோட்டத்தார்களுக்குத் தாப்பா வழியும் உண்டு. வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்குக் கையில் ஊறுகாய்ப் புளிப்பு ஏதாவது கொடுத்து முன் இருக்கையில் வையுங்கள். விடியற்காலை புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்; ஹோட்டல் செலவே இல்லை.

அந்த 600 வெள்ளியும் புரளாத வருஷமாயிருந்தால், அதே பாதையில் இறங்கி பத்து காஜாவுக்குப் போங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அங்கே நிற்கிறது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, முடியாமலே நின்றுவிட்டது. கட்டியவர்கள் நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கூலிகள். வேலையாட்களிடையே கொள்ளைநோய் பரவியபோது, அவர்கள் கேட்டபடி துரை ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட துரைக்கும் ஒரு சிலை உண்டு! பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் சிரிப்பார்கள். கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டோடு பார்த்தால் மாளிகை நுழைவுக் கட்டணம் சொற்பம்.

காசு பிடிக்கக்கூடாத இடம்

இதை மட்டும் ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். எதில் மிச்சம் பிடித்தாலும் வண்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2010 டிசம்பரில் நம் சிம்பாங் பூலாய்ப் பாதையில்தான் ஒரு சுற்றுலா பஸ் கவிழ்ந்து தாய்லாந்துப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 உயிர் போயிற்று. "எனக்குத் தெரிஞ்ச பையன் வேன் வச்சிருக்கான், பாதிக் காசுக்கு வர்றேங்கிறான்" என்று யாராவது சொன்னால், அந்த வேனுக்கு ஆள் ஏற்றும் உரிமம் இருக்கிறதா, எத்தனை பேருக்கு இடம், டயர் எப்படி என்று கேளுங்கள். பன்னிரண்டு பேர் வண்டியில் இருபது பேர் நெருக்கி உட்காருவதும், காய்கறி லாரியில் பின்னால் ஏறுவதும் வேண்டவே வேண்டாம். இடுப்புவார் இருந்தால் பிள்ளைகளுக்குக் கட்டிவிடுங்கள். டிரைவர் முதல் நாள் இரவு எங்காவது ஓட்டிவிட்டுத் தூங்காமல் வருகிறாரா என்றும் விசாரியுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

நல்ல பஸ்ஸைக் குறைந்த செலவில் பிடிக்க வழி, கூட்டமாகப் போவதுதான். நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு பஸ். வாடகை 1,200 என்றால் ஆளுக்கு 30 தான். அந்தக் காலத்தில் தோட்டத்து மணிமன்றமும் கோயில் நிர்வாகமும் வருஷத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்துப் பினாங்கும் பத்துமலையும் கூட்டிப் போகவில்லையா? இப்போது தோட்டத்தில் நம்மவர் வீடுகள் குறைந்து போயிருக்கலாம். பாதி லயத்தில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் குடியிருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்னின்றால் இரண்டு மூன்று தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பஸ்ஸை நிரப்பிவிடலாம். கூட்டமாக வருகிறவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பதும் பூங்காக்களில் வழக்கம். ஆசிரியரை விட்டுக் கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பணத்தை மட்டும் ஒருவர் கையில் பத்து மாதம் தேங்கவிடாதீர்கள். அவரவர் கணக்கில் சேர்த்து, சீட்டு வாங்குகிற வாரத்தில் கொடுத்தால் போதும். பொருளாளருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

வாசலில் பணம் போகிற விதம்

இந்தப் பூங்காக்களில் வாசலில் நின்று சீட்டு வாங்குகிறவருக்குத்தான் அதிக விலை. முன்கூட்டியே கைத்தொலைபேசி வழி வாங்கினால் குறையும். ஆறாம் வகுப்புப் பிள்ளையே இதைச் செய்து தரும். ஆனால் பூங்காவின் சொந்தப் பக்கத்தில்தான் வாங்க வேண்டும். பேஸ்புக்கில் எவனோ "பாதி விலை" என்று போட்டிருப்பதற்குப் பணம் அனுப்பிவிட்டு, அந்தச் சீட்டைக் கொண்டுபோய் வாசலில் காட்டினால் யார் உள்ளே விடுவார்கள்?

மலேசியர்களுக்குத் தனி விலை உண்டு. அதற்கு மைகார்டு வேண்டும், பிள்ளைகளுக்கு மைகிட் வேண்டும். முதல் நாள் இரவே எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, ஐம்பது வருஷம் கொழுந்து எடுத்து, இன்னும் சிவப்புக் கார்டோடு இருக்கிற பாட்டிமார்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு எந்த விலை என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். வாசலில் எல்லார் முன்னாலும் அந்தக் கிழவியிடம் "நீங்க வெளிநாட்டுக்காரரா?" என்று கேட்கவிடாதீர்கள். அது காசுக் கணக்கில் சேராத சங்கதி.

சாப்பாடு அடுத்தது. உள்ளே வெளிச்சாப்பாடு கொண்டு போக விடமாட்டார்கள். உள்ளே விற்பதோ ஒன்றுக்கு இரண்டு விலை. புளிச்சோறோ நாசி லெமாக்கோ கட்டிக்கொண்டு போய், நுழையுமுன் பஸ்ஸருகே எல்லாரும் வயிறாரப் பசியாறிவிடுங்கள். மாலையில் வெளியே வந்ததும் மீதியைச் சாப்பிடலாம். இடையில் பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கிக் கொடுங்கள். பத்து மாதம் சேர்த்தது அதற்கும் சேர்த்துத்தானே?

நீரில் இறங்க அதற்கேற்ற நைலான் உடை வேண்டும் என்பார்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ், சேலையோடு இறங்கவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கேயே கடையில் நாலு பேருக்கு உடை வாங்கி நொந்தவர்களை நமக்குத் தெரியும். நம் இரவுச் சந்தையில் மலிவாக முன்பே வாங்கி வைக்கலாம். நம் பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சலுடையும் கிடைக்கிறது, கூச்சப்பட வேண்டியதில்லை. துண்டு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஈப்போ வெயில் நம் மலை வெயில் மாதிரியல்ல. குளிர் பழகிய பிள்ளைகள் வாடிவிடும். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

லீவு விஷயம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 16 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேலென்றால் 12, அதற்குக் கீழென்றால் 8. சட்டம் கொடுத்த லீவு அது, யாருடைய தயவுமல்ல. எடுக்காமலே கழிய விடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஒரு மாதத்துக்கு முன்பே ஆபீசில் எழுதிக் கொடுத்து, வார நாளில் போனால் பூங்காவில் கூட்டமும் குறைவு. ஞாயிறு போனவர் பாதி நாளை வரிசையில் நின்றே கழிப்பார். கிளம்புமுன் போன் செய்து அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூடுகிற பூங்காக்கள் உண்டு.

போன பள்ளி விடுமுறையில் ஒரு தோட்டத்தார் இப்படித்தான் போய் வந்தார்கள். 38 பேர். இரவு எட்டரைக்கு பஸ் பெரட்டுக்களத்தில் வந்து நின்றபோது பிள்ளைகளில் பாதி தூங்கியிருந்தன. அவரவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தார்கள். ஒரு பாட்டி மட்டும், "வெந்நித் தண்ணியிலேயே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், இதுங்கதான் அவசரப்படுத்துச்சுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் கணக்கு வாசித்தார்கள். பஸ்ஸுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, கையிருப்பு 86 வெள்ளி. அதைக் கோயில் விளக்குக்குக் கொடுப்பதா, அடுத்த வருஷத்து பஸ்ஸுக்கு முன்பணமாக வைப்பதா என்று பெரியவர்களுக்குள் ஒரு மணி நேரம் வாக்குவாதம். நாம் கிளம்பும்வரை முடிவாகவில்லை.